பள்ளிச் செய்திக் குழு: கேமராவை அப்புறம் வாங்கலாம்

மாணவர்களே செய்தி சேகரித்து, எழுதி, படம்பிடித்து, வாசிக்கும் குழுக்களைப் பள்ளியில் நடத்துவது பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே. தொலைக்காட்சிச் செய்திப் பிரிவில் பணியாற்றுவோரும் பள்ளிகளில் ஊடகப் பயிற்சி தருவோரும் பதில் தருகிறார்கள்.

கேள்வி: முன்னாள் மாணவர்கள் 25,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறார்கள். ஒன்பதாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து வாரம் ஒரு செய்தித் தொகுப்பு போட ஆசை. எந்த கேமரா வாங்கலாம்?
– அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியை, தேனி மாவட்டம்

கேமரா வேண்டாம். இந்தத் தொகைக்கு வரும் கேமராவைவிட ஒரு நடுத்தர விலை போன் நன்றாகப் படம் எடுக்கும். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு சரியாகக் கேட்கவில்லை என்றால் பத்து விநாடிகூட உட்கார மாட்டார்கள். அதனால் முதல் செலவு ஒலிக்கு.

ஏறக்குறைய இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். பள்ளிக்கென்றே ஒதுக்கும் ஒரு போன், பன்னிரண்டு பதின்மூன்றாயிரத்துக்குள். ஆசிரியரின் சொந்த போனில் பிள்ளைகளின் படங்கள் சேர்ந்துகொண்டே போவது யாருக்கும் நல்லதல்ல. அடுத்து வயர் உள்ள காலர் மைக் இரண்டு. ஆறு மீட்டர் வயரோடு வருபவை ஒவ்வொன்றும் ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கின்றன. வயர் இல்லாத மைக் பார்க்க அழகு. ஆனால் சார்ஜ் போட மறந்துவிடும், ரிசீவர் தொலைந்துவிடும். முதல் வருடம் வயரே போதும். பிறகு, ஐந்தடி உயரம் வரக்கூடிய டிரைபாட், போனைப் பிடிக்கும் கிளாம்ப், காதை முழுக்க மூடும் வயர் ஹெட்போன், ஒரு டெரா ஹார்டு டிஸ்க். மிச்சம் இருப்பதைத் தொடாமல் வையுங்கள். இரண்டாம் பருவத்துக்குள் ஏதாவது ஒரு வயர் கட்டாயம் அறுந்திருக்கும்.

மைக் வாங்கியதும் செருகுமுனையைப் பாருங்கள். அதில் மூன்று கருப்பு வளையங்கள் இருந்தால் போனுக்கானது, இரண்டு இருந்தால் கேமராவுக்கானது. கேமரா வகையைப் போனில் நேராகச் செருகினால் போன் அதை மைக்காகவே எடுத்துக்கொள்ளாது. தன் சொந்த மைக்கில் பதிவு செய்துவிட்டுப் பேசாமல் இருக்கும். இரண்டுக்கும் பொதுவாக வரும் மைக்குகளில் ஒரு சிறு பெட்டியும் சுவிட்சும் இருக்கும். போனில் மாட்டும்போது அது போன் பக்கம் இருக்க வேண்டும். பெட்டிக்குள் எல்.ஆர்.44 என்ற பொத்தான் பேட்டரி இருக்கிறது. கேமராவோடு மாட்டும்போதுதான் அது வேலை செய்யும், அதுவும் ஒருநாள் தீர்ந்துவிடும். போனில் 3.5 மில்லிமீட்டர் ஓட்டையே இல்லை என்றால் டைப்-சி இணைப்பான் வேண்டும். எல்லா இணைப்பானும் மைக்கை ஏற்காது, ஆகவே கடையிலேயே பதிவு செய்து கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சேமிப்பிடக் கணக்கு: படத் தரம் 1080பி, விநாடிக்கு 30 ஃபிரேம் (படச்சட்டம்) என்று வைத்தால் பெரும்பாலான போன்களில் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 130 எம்பி பிடிக்கும். ஒரு வாரச் செய்திக்கு நாற்பது நிமிடம் படம்பிடித்தால் ஐந்து ஜிபிக்கு மேல் போய்விடும். 4கே என்ற கூடுதல் படத் தரம் வேண்டாம். பள்ளி ஆய்வகக் கணினிகள் அதை எடிட் செய்யத் திணறும்.

கேள்வி: மைக் மாட்டித்தான் பேட்டி எடுத்தோம். ஆனாலும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கிறது. ஏன்?
– பதினோராம் வகுப்பு மாணவர், கரூர்

பெரும்பாலும் உங்கள் மைக் பதிவே ஆகவில்லை. போனின் மைக்தான் இரண்டு மீட்டர் தள்ளி நின்று கேட்டிருக்கிறது. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பதிவை ஓடவிட்டு, காலர் மைக்கின் தலையை நகத்தால் மெதுவாகத் தட்டுங்கள். அடுத்து போனின் அடிப்பக்கத்தைத் தட்டுங்கள். திரும்பக் கேட்கும்போது எந்தத் தட்டு பலமாக இருக்கிறதோ அந்த மைக்தான் உயிரோடு இருக்கிறது. ஒவ்வொரு பேட்டிக்கு முன்னும் இதைச் செய்து, பத்து விநாடி பதிவை ஹெட்போனில் கேட்ட பிறகே முதல் கேள்வியைக் கேளுங்கள். போன் உறையின் தடிப்பால் செருகுமுனை முழுதாக உள்ளே போகாமல் நிற்பதும் அடிக்கடி நடக்கிறது. உறையைக் கழற்றிவிடுங்கள். ஏரோப்ளேன் மோடு போடவும் மறக்க வேண்டாம். நடுவில் ஓர் அழைப்பு வந்தால் சில போன்களில் பதிவு நின்றே போகும்.

மைக் வேலை செய்தும் எதிரொலி வருகிறது என்றால் இடம்தான் காரணம். சிமென்ட் சுவரும் மொசைக் தரையுமாக இருக்கும் காலி வகுப்பறையில் குரல் சுவரில் பட்டுத் திரும்பி வரும். நூலகத்துக்குப் போங்கள், புத்தக அடுக்குகள் ஒலியை உறிஞ்சும். அதுவும் இல்லையென்றால் மரத்தடி நல்லது. திறந்த வெளியில் எதிரொலி இருக்காது, ஆனால் காற்று உண்டு. மைக்கோடு வரும் பஞ்சுத் தொப்பியைக் கழற்றாதீர்கள்.

மைக்கை முகவாய்க்குக் கீழே ஒரு சாண் இறக்கிச் சட்டையின் நடுவில் குத்துங்கள். காலரிலேயே குத்தினால் தலையைத் திருப்பும்போது குரல் கூடிக் குறையும். பள்ளிப் பேட்டிகளைக் கெடுப்பதில் முதலிடம் அடையாள அட்டைக்குத்தான். நாடாவில் தொங்கும் அட்டை மைக்கில் இடித்து டக் டக்கென்று கேட்கும். பேட்டி முடியும்வரை கழற்றி வைக்கச் சொல்லுங்கள். டையையும், துப்பட்டாவின் ஓரத்தையும் மைக்கிலிருந்து தள்ளி வையுங்கள். ஆசிரியை புடவையில் இருந்தால் முந்தானை உரசாத பக்கமாகக் குத்துங்கள்.

மின்விசிறியை நிறுத்துங்கள். வியர்த்தாலும் ஐந்து நிமிடம்தானே. பேட்டி முடிந்ததும் எல்லோரும் வாய்மூடி நிற்க, அந்த இடத்தின் வெறும் ஒலியை அரை நிமிடம் பதிவு செய்யுங்கள். எடிட்டிங்கில் இரண்டு வாக்கியங்களை வெட்டி ஒட்டும் இடத்தில் அதை அடியில் போட்டால் ஒட்டு தெரியாது. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் இரைச்சலைக் குறைக்கவும் அந்த அரை நிமிடம்தான் மாதிரி. குறைப்பை 12 டெசிபெல்லுக்கு மேல் ஏற்றாதீர்கள். ஏற்றினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும்.

குரல் ஒரு காதில் மட்டும் கேட்டால் பயப்பட ஒன்றுமில்லை. மைக் இடது பக்கத்தில் மட்டும் பதிவாகியிருக்கிறது. எடிட்டிங்கில் அந்தப் பக்கத்தை வலதுக்கும் நகல் எடுத்தால் சரியாகிவிடும்.

கேள்வி: டியூப் லைட் போட்டால் படத்தில் பட்டை பட்டையாக ஓடுகிறது. போன் பழுதா?
– தனியார் பள்ளிக் கணினி ஆசிரியர், ஈரோடு

போன் சரியாகத்தான் இருக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் பழைய சோக் வைத்த டியூப் லைட்டும் மலிவான பல எல்.இ.டி. விளக்குகளும் விநாடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. போன் 30 ஃபிரேமில், ஷட்டர் வேகம் (ஒவ்வொரு ஃபிரேமும் ஒளியை வாங்கும் நேரம்) 1/60 விநாடி என்று ஓடினால் இரண்டும் ஒத்துப்போகாது. போன் கேமராவின் புரோ பிரிவில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று நிறுத்திவையுங்கள். 25 ஃபிரேம் வசதி இருந்தால் அதையும் வையுங்கள். அந்தப் பிரிவே இல்லாத போனுக்கு ஓப்பன் கேமரா, பிளாக்மேஜிக் கேமரா போன்ற இலவசச் செயலிகள் உண்டு.

விளக்கே இல்லாமல் எடுப்பது இன்னும் நல்லது. வாசிப்பவரின் முகம் ஜன்னலைப் பார்க்க வேண்டும், முதுகு அல்ல. காலை பத்து மணிக்கு ஒரு பக்க ஜன்னல் வெளிச்சமும், மறுபக்கம் பிடித்த வெள்ளைச் சார்ட் அட்டையும் போதும்.

கேள்வி: ஒரு நிமிடச் செய்திக்கு எத்தனை வார்த்தை எழுதலாம்? ஆங்கிலக் கையேடுகளில் நிமிடத்துக்கு 150 என்று இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் அந்தக் கணக்கில் எழுதினால் மூச்சு வாங்குகிறார்கள்.
– தமிழாசிரியர், தஞ்சாவூர் மாவட்டம்

அந்தக் கணக்கு தமிழுக்கு ஒத்துவராது. ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொல்லாக வருவது நமக்கு ஒரே சொல்லாக ஒட்டிவிடும். ‘கொண்டுவரவேண்டியிருந்தது’ என்பதை ஒரு சொல் என்று எண்ணினால் கணக்கு எங்கே நிற்கும்? மாணவர்களுக்கு நிமிடத்துக்கு நூறு சொல், சற்று முன்பின் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட நம்பகமான வழி, எழுதியதை வாய்விட்டு வாசித்து போனில் நேரம் பார்ப்பது. மனதுக்குள் வாசித்துப் பார்த்த நேரம் எப்போதும் குறைவாகவே காட்டும்.

மூச்சு வாங்குவதற்கு எண்ணிக்கை மட்டும் காரணம் அல்ல, வாக்கிய அமைப்பும் காரணம். நாளிதழ் பாணியில் ஒரு மாணவர் இப்படி எழுதுவார்:

“கடந்த சில மாதங்களாகக் குடிநீர்க் குழாய்கள் பழுதடைந்துள்ளதால் மாணவர்கள் வீட்டிலிருந்தே தண்ணீர் கொண்டுவர வேண்டிய நிலை ஏற்பட்டுள்ளதாகவும், இதைச் சரிசெய்ய விரைவில் நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் தலைமை ஆசிரியர் தெரிவித்தார்.”

காதால் கேட்பவர் ‘தெரிவித்தார்’ வரும்வரை யார் சொல்கிறார் என்று தெரியாமல் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு காத்திருக்க வேண்டும். இதையே இப்படி மாற்றலாம்:

“நம் பள்ளியில் மூன்று குடிநீர்க் குழாய்கள் இருக்கின்றன. இரண்டில் தண்ணீர் வருவதில்லை. ஜூன் மாதத்திலிருந்து இதே நிலை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டிலிருந்து தண்ணீர் சுமந்து வருகிறார்கள். தலைமை ஆசிரியரிடம் கேட்டோம். இந்த மாதக் கடைசிக்குள் புதுக் குழாய் போட்டுவிடுவோம் என்கிறார்.”

இரண்டாவதை எழுத வேண்டுமானால் குழாய் எத்தனை, எந்த மாதத்திலிருந்து, எந்த வகுப்பு, எந்தத் தேதிக்குள் என்று நான்கு விஷயங்களைப் போய்க் கேட்டிருக்க வேண்டும். முதல் பத்திக்கு அவை எதுவும் தேவைப்படவில்லை. ‘நடவடிக்கை எடுக்கப்படும்’ என்பதில் யார் எடுப்பார், எப்போது என்ற இரண்டும் ஒளிந்துகொண்டன. வகுப்பில் ‘-ப்படும்’ என்று முடியும் வாக்கியங்களை எல்லாம் சிவப்பு மையில் வட்டமிடச் சொல்லுங்கள். ஒவ்வொரு வட்டமும் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி. மொழிப் பயிற்சியும் செய்தி சேகரிக்கும் பயிற்சியும் அங்கே ஒன்றாகிவிடும். செய்திக் குழுவுக்குத் தமிழாசிரியர் வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவதும் இதற்காகத்தான்.

எண்களைப் பார்த்தவுடன் வாசிக்கும்படி எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். 1,27,450 என்று இருந்தால் நேரலையில் நாக்கு நின்றுவிடும். ‘ஒரு லட்சத்து இருபத்தேழாயிரம்’ போதும், காதுக்கு அதற்குமேல் தேவையில்லை. வாசிக்கும் தாளில் எழுத்து 18 புள்ளி, வரிக்கு வரி இடைவெளி. ஒரு வாக்கியம் பக்கம் தாண்டக் கூடாது. ஸ்டேப்லர் போடாமல் தனித்தனித் தாளாக வையுங்கள், புரட்டும் சத்தம் மைக்கில் விழாது.

கேள்வி: என் மகளுக்கு ஆங்கர் ஆக ஆசை. ஆனால் எப்போதும் ஒரே மாணவிதான் வாசிக்கிறார். மற்றவர்களுக்கு மைக் பிடிக்கும் வேலைதான்.
– பெற்றோர், மதுரை

ஆசிரியரிடம் வேலையைச் சுழற்றச் சொல்லுங்கள். ஆறு பேர் குழுவில் செய்தி ஆசிரியர், ரிப்போர்ட்டர் இருவர், கேமரா, ஒலி, எடிட்டிங் என்று பிரித்து, நான்கு வாரத்துக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும். அந்தந்த வாரம் செய்தியைச் சேகரித்தவரே அதை வாசிக்கட்டும். உழைத்துக் கொண்டுவந்த செய்தியை வாசிக்கும்போது குரலில் தானாகவே ஒரு தெளிவு வரும்.

வீட்டில் செய்யக்கூடியது: நாளிதழின் ஒரு பத்தியை உரக்க வாசித்துப் பதிவு செய்து, ல-ள-ழ, ர-ற, ந-ன-ண வரும் இடங்களை மட்டும் அடிக்கோடிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். ‘மழை, மலை’, ‘கரை, கறை’, ‘வாழை, வாளை’ போன்ற இணைகளை வாக்கியத்துக்குள் வைத்துப் பழகட்டும். தனிச் சொல்லாகச் சரியாகச் சொல்பவர்கள்கூட வேகமாக வாசிக்கும்போது நழுவவிடுவார்கள். ஊர்ப் பேச்சின் வாடையைத் துடைக்க வேண்டியதில்லை.

கேள்வி: எடிட் செய்ய உட்கார்ந்தால் விஷுவல் போதவில்லை. பேட்டி கொடுப்பவர் முகத்தையே இரண்டு நிமிடம் காட்ட வேண்டியிருக்கிறது.
– ஊடக மன்றப் பொறுப்பாசிரியர், திருநெல்வேலி

ஒன்றரை நிமிடப் பேக்கேஜில், அதாவது குரலும் காட்சியும் பேட்டியும் கோத்த ஒரு முழுச் செய்தியில், ஒரு ஷாட் சராசரியாக நான்கு விநாடி என்றால், இருபதுக்கு மேல் ஷாட் வேண்டும். எடுக்கும்போது அதைப்போல் இரு மடங்கு எடுக்க வேண்டும். எதை எடுப்பது என்று தெரியாமல் நிற்கும் மாணவருக்கு ஐந்து ஷாட் முறை கைகொடுக்கும். சத்துணவுக் கூடத்தில் ஒருவர் காய் நறுக்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கை மட்டும், நெருக்கத்தில். அடுத்து முகம் மட்டும். பிறகு கூடம் முழுதும் தெரிய வைடு. அப்புறம் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து, அவர் பார்ப்பதை. கடைசியாக யாரும் எதிர்பார்க்காத ஒரு கோணம், தரையோடு தரையாக அரிவாள்மணை உயரத்தில் என்று வையுங்கள். இந்த ஐந்தையும் எப்படி அடுக்கினாலும் ஒட்டிக்கொள்ளும்.

ஒவ்வொன்றையும் பத்து விநாடி அசையாமல் பிடிக்க வேண்டும். மாணவர்கள் மூன்றாவது விநாடியிலேயே அடுத்த பக்கம் திருப்பிவிடுவார்கள். மனதுக்குள் பத்துவரை எண்ணச் சொல்லுங்கள். ஜூம் பொத்தானைத் தொட வேண்டாம், நடந்து கிட்டே போகட்டும்.

பைட், அதாவது பேட்டியிலிருந்து வெட்டி எடுக்கும் பேச்சுத் துண்டு, பத்திலிருந்து பதினைந்து விநாடி. கேள்வி கேட்பவர் போனை ஒட்டி நிற்க வேண்டும், கண்மட்டம் போனின் உயரத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் பேசுபவரின் இரு கண்களும் தெரியும். ‘உங்களுக்கு மகிழ்ச்சியா?’ என்று கேட்டால் ‘ஆமாம்’ என்ற பதில்தான் வரும். ‘அன்று காலை என்ன நடந்தது?’ என்று கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். நடுவில் ‘ம்ம்… சரிங்க சார்’ என்று சொன்னால் அதுவும் பதிவாகி, வெட்ட இடமில்லாமல் செய்துவிடும்.

படம் கிடையாகவா, நெடுக்காகவா என்பதை வெளியே கிளம்பும் முன்பே முடிவு செய்யுங்கள். இரண்டையும் கலந்து எடுத்துவிட்டால் எடிட்டிங்கில் எந்த மருந்தும் கிடையாது.

கேள்வி: போனில் பார்த்தால் வாயும் குரலும் சேர்ந்து வருகின்றன. கணினியில் போட்டால் போகப்போக விலகுகின்றன. தமிழ் எழுத்துகளும் உடைந்து தெரிகின்றன.
– பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, விழுப்புரம்

இரண்டும் வேறு வேறு நோய். முதலாவது: போன் வெளிச்சத்துக்கு ஏற்ப ஃபிரேம் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைத்துப் பதிவு செய்கிறது. எடிட்டிங் மென்பொருள்கள் சில அதை நிலையான எண்ணிக்கை என்று நினைத்துக்கொள்கின்றன. நீளமான பேட்டியில் விலகல் வெளியே தெரியும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ஃபிரேம் வேகத்தை ‘கான்ஸ்டன்ட்’ என்று வைத்து மாற்றிய பிறகு எடிட்டிங்குக்குக் கொண்டுபோங்கள். எடிட்டிங்குக்கு ஷாட்கட், கேடென்லைவ் இரண்டும் இலவசம், லினக்ஸிலும் ஓடும். காட்சிகளை வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பி வாங்காதீர்கள், சுருங்கிப்போய் வரும். வயரில் நகலெடுங்கள். வழியே இல்லையென்றால் ‘டாக்குமென்ட்’ என்று இணைத்து அனுப்புங்கள்.

இரண்டாவது: பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால் மென்பொருள் அதை ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் பார்க்கும். யூனிகோடில் அடியுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கேட்டமரான் மூன்றும் கட்டணமில்லாதவை. யூனிகோடில் அடித்தும் ‘கொ’வின் கொம்பு இடம் மாறினால், மென்பொருளின் எழுத்துப் பொறி தமிழுக்கு அமைக்கப்படவில்லை என்று பொருள். அடோபி பிரீமியரில் அமைப்புகளுக்குள் கிராஃபிக்ஸ் பகுதியில் தெற்காசிய எழுத்துகளுக்கான தேர்வு இருக்கிறது. வேறு மென்பொருளில் சரிவரவில்லை என்றால் பெயர்ப் பட்டையை இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் செய்து, பின்னணி இல்லாத பி.என்.ஜி. படமாக எடுத்து மேலே வைத்துவிடுங்கள். பெயரின் எழுத்துப்பிழையை, பெயருக்கு உரியவரிடமே காட்டிச் சரிபார்த்த பிறகு ஏற்றுங்கள்.

கேள்வி: மழைக்கால விடுமுறை பற்றி வாட்ஸ்அப்பில் வருவதை மாணவர்கள் அப்படியே செய்தியாகக் கொண்டுவருகிறார்கள். சரிபார்க்க எப்படிப் பழக்குவது?
– ஆசிரியை, கடலூர்

அதைவிட நல்ல பாடம் கிடைக்காது. ஒவ்வொரு மழைக்கும் பழைய ஆண்டின் அறிவிப்பு மறுபடி சுற்றுகிறது. அந்தப் படத்தைத் திரையில் போட்டு வரிசையாகக் கேட்கச் சொல்லுங்கள். தேதியும் ஆண்டும் என்ன? அந்தத் தேதி அந்தக் கிழமையில்தான் வருகிறதா? எந்த மாவட்டம்? பள்ளிக்கு மட்டுமா, கல்லூரிக்குமா? ஆட்சியரின் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் இருக்கிறதா? தொலைக்காட்சி ஒன்றின் சின்னத்தோடு வந்த அட்டை என்றால், அந்தத் தொலைக்காட்சியின் சொந்தப் பக்கத்தில் அதே அட்டை இருக்கிறதா? எழுத்துரு மாறியிருக்கிறதா? படத்தை கூகுள் லென்ஸில் போட்டால் முன்பு எங்கெல்லாம் வந்தது என்று காட்டும்.

தமிழில் யூடர்ன் தளமும், மத்திய அரசு அறிவிப்புகளுக்கு அந்த அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமான பி.ஐ.பி.யின் உண்மை சரிபார்ப்புப் பிரிவும் எப்படி முடிவுக்கு வந்தன என்று விளக்கி எழுதுகின்றன. முடிவை விட்டுவிட்டு அந்த வழியை வகுப்பில் வாசியுங்கள். இரண்டு பேர் அனுப்பியதால் இரண்டு ஆதாரம் ஆகிவிடாது. இருவருக்கும் ஒரே குழுவிலிருந்து வந்திருந்தால் ஆதாரம் ஒன்றுதான்.

கேள்வி: தயாரித்ததை யூடியூபில் போடலாமா? பின்னணிக்குச் சினிமாப் பாட்டு வைக்கலாமா?
– தலைமை ஆசிரியர், திருப்பூர் மாவட்டம்

போடுமுன் பெற்றோரின் கையெழுத்து வேண்டும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவரைக் குழந்தை என்கிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்பது அதன் விதி. படிவத்தில் எங்கே வெளியிடுவோம், யார் பார்ப்பார்கள், திரும்பப் பெற வேண்டுமானால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று தமிழில் தெளிவாக இருக்கட்டும். ஒப்புதல் தராத பிள்ளைகளின் பட்டியல் கேமரா எடுப்பவரின் கையில் இருக்க வேண்டும், அலுவலக அலமாரியில் அல்ல. யூடியூபில் 16 வயதுக்குக் குறைந்தவர்கள் தனியாக நேரலை செய்ய முடியாதபடி 2025 ஜூலையிலிருந்து விதி மாறியிருக்கிறது. கணக்கு பள்ளியின் பெயரில், ஆசிரியர் பொறுப்பில் இருக்கட்டும்.

இன்னொன்றில் சமரசமே கூடாது. பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் பெயர், முகம், முகவரி, பள்ளி என அடையாளம் தெரியும் எதையும் ஊடகத்தில் வெளியிடுவதை போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடுக்கிறது. வழக்கில் சிக்கிய சிறார், பராமரிப்பு தேவைப்படும் சிறார் ஆகியோருக்கு அதே பாதுகாப்பை 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தருகிறது. மாணவர் செய்திக்கு இதில் சலுகை கிடையாது. முகத்தை மங்கலாக்கிவிட்டுத் தெருப் பெயரையும் அப்பாவின் தொழிலையும் சொன்னால் ஊரே கண்டுபிடித்துவிடும்.

சினிமாப் பாட்டு வேண்டாம். வகுப்பறைப் பாடத்துக்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சில விலக்குகள் தருகிறது. யூடியூபில் பொதுவில் ஏற்றுவதை அதற்குள் அடக்க முடியாது. யூடியூபின் ஆடியோ லைப்ரரியில் இலவச இசை கிடைக்கிறது. எங்களைக் கேட்டால் பள்ளி மணியும் சைக்கிள் நிறுத்தும் சத்தமும் எந்த இசையையும்விட மேல். அந்த இயல்பான ஒலியைத் தனியாகப் பதிவு செய்து வையுங்கள்.

கேள்வி: கழிப்பறை பற்றி மாணவர்கள் செய்த செய்தியைப் போடக் கூடாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அமெரிக்காவில் இதற்கெல்லாம் மாணவர்களுக்கு உரிமை உண்டாமே?
– பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியர்

அங்கேயும் கதை அவ்வளவு நேர் அல்ல. மிசூரி மாநிலத்தின் ஹேசல்வுட் ஈஸ்ட் உயர்நிலைப் பள்ளியில் 1983-இல், இதழியல் வகுப்பு தயாரித்த இதழிலிருந்து இரண்டு பக்கங்களை முதல்வர் நீக்கினார். மாணவிகளின் கர்ப்பம், பெற்றோரின் மணமுறிவு பற்றிய கட்டுரைகள் அதில் இருந்தன. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1988-இல் 5-க்கு 3 என்று பள்ளிக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. பள்ளி நடத்தும் இதழில், கல்வி சார்ந்த நியாயமான காரணம் இருந்தால் நிர்வாகம் தலையிடலாம் என்றது தீர்ப்பு. அதற்குப் பிறகுதான் பல மாநிலங்கள் மாணவர் இதழ்களைக் காக்கத் தனிச் சட்டம் இயற்றின. கலிபோர்னியாவில் மட்டும் 1977-லேயே இருந்தது. 1974-இல் தொடங்கிய மாணவர் இதழியல் சட்ட மையம் இன்றும் அங்கே மாணவர்களுக்கு இலவச ஆலோசனை தருகிறது.

உங்களுக்கு இப்போது உதவக்கூடியது, ஆண்டின் தொடக்கத்திலேயே ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்தான கொள்கை. எதை யார் பார்ப்பார், எத்தனை நாளுக்குள் பதில் சொல்வார், நிறுத்தினால் காரணத்தை எழுத்தில் தருவாரா? இந்த மூன்றும் அதில் இருக்கட்டும். கழிப்பறைச் செய்தியை மறுபடி எடுத்துப் பாருங்கள். எத்தனை கழிப்பறை, எத்தனை மாணவர், தண்ணீர் எந்த நேரம் வருகிறது, துப்புரவுப் பணியாளர் எத்தனை பேர், நிர்வாகத்தின் பதில் என்ன என்பதெல்லாம் இருக்கிறதா? ‘நாற்றம் தாங்கவில்லை’ என்ற ஒரு பைட்டை நிறுத்துவது எளிது. எண்ணிக்கையோடும் நிர்வாகத்தின் விளக்கத்தோடும் வரும் செய்தியை நிறுத்தக் காரணம் தேட வேண்டியிருக்கும். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் திரையிடக் கேளுங்கள். சரிசெய்யக் கூடியவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

கேள்வி: தமிழில் பாடநூல் ஏதாவது உண்டா? ஆங்கிலத்தில் எதைப் பார்க்கலாம்?
– முதுகலை ஆசிரியர், யாழ்ப்பாணம்

உங்கள் ஊரில்தான் இருக்கிறது. இலங்கையில் ‘தொடர்பாடலும் ஊடகக் கற்கையும்’ பள்ளிப் பாடமாகவே தமிழ் மொழிமூலத்தில் கற்பிக்கப்படுகிறது. அதற்குத் தேசிய கல்வி நிறுவகம் ஆசிரியர் வழிகாட்டிகளை வெளியிடுகிறது. தமிழ்நாட்டு ஆசிரியர்களும் அவற்றைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் சி.பி.எஸ்.இ. 11, 12-ஆம் வகுப்புகளில் வெகுசன ஊடகக் கல்வியைத் திறன் பாடமாக வைத்திருக்கிறது. கேரளத்தில் கல்வித் தொழில்நுட்பத்துக்கான அரசு நிறுவனமான கைட் நடத்தும் லிட்டில் கைட்ஸ் மன்றங்கள் மாணவர்களுக்கு இலவச மென்பொருளிலேயே ஒலி, காட்சித் தொகுப்பைப் பழக்குகின்றன.

ஆங்கிலத்தில் முதலில் பார்க்க வேண்டியது, அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியான பி.பி.எஸ். 2009-இல் தொடங்கிய மாணவர் செய்தித் திட்டம். பாடத் திட்டங்களும் பணித்தாள்களும் இலவசம். அவற்றை அப்படியே மொழிபெயர்த்துக் கொடுக்காதீர்கள். பயிற்சியை எடுத்துக்கொண்டு உதாரணத்தை உங்கள் பள்ளி வளாகத்திலிருந்து வையுங்கள்.

கேள்வி: பள்ளிக்கென்று எஃப்.எம். வானொலி தொடங்க முடியுமா?
– இயற்பியல் ஆசிரியர், நாமக்கல்

கல்வி நிறுவனங்களுக்குச் சமுதாய வானொலி உரிமம் உண்டு. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 2004 பிப்ரவரி 1 முதல் 90.4 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. ஆனால் உரிமம், கோபுரம், தினசரி நிகழ்ச்சி என்று ஒரு மேல்நிலைப் பள்ளிக்குச் சுமை அதிகம். இணையத்தில் மலிவாக விற்கும் டிரான்ஸ்மிட்டரை வாங்கி உரிமமின்றி ஒலிபரப்புவது சட்டப்படி குற்றம், அந்தப் பக்கமே போக வேண்டாம்.

காலை வணக்கக் கூட்டத்து ஒலிபெருக்கியில் மூன்று நிமிடம் ஒதுக்கித் தரும்படி கேளுங்கள். முந்தின நாள் மாலையே பதிவு செய்து, குரலின் உச்சம் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாமல் பார்த்து, எம்.பி.3 ஆக்கிப் போனிலிருந்து ஆம்ப்ளிஃபயரின் ‘ஆக்ஸ்’ துளையில் கொடுங்கள். மைக் துளையில் செருகினால் ஒலி கரகரத்து உடையும். மைதானத்து ஹார்ன் ஸ்பீக்கரில் குரலின் தாழ்ந்த சுருதிகள் எடுபடாது. ஆடாசிட்டியில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் சொற்கள் தெளிவாகக் கேட்கும். முதல் நாள் பின்வரிசையில் ஒரு மாணவரை நிறுத்தி, என்ன கேட்டது என்று எழுதி வாங்குங்கள்.